பதினான்கு படங்களும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும்

போன சனி, ஞாயிறு இரண்டு நாளும் வீட்டில் யாரும் என்னிடம் பேச வரவில்லை. சாப்பாட்டு மேசையில் லேப்டாப், ஹெட்போன், ஒரு ஹார்ட் டிஸ்க். அதற்குள் என் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பிள்ளைகள் எடுத்த 14 ஆவணப்படங்கள். ஒவ்வொன்றும் 3 நிமிடம். "மொத்தமே 42 நிமிஷம்தானே, அதுக்கு ரெண்டு நாளா?" என்றார் வீட்டுக்காரர். ஒரு படத்துக்கு மார்க் போட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. சில படங்களுக்கு அதற்கும் மேலே.

முன்பெல்லாம் இப்படி இல்லை. டிவியில் ஆறு வருடம் நிகழ்ச்சித் தயாரிப்பில் இருந்துவிட்டு, மதுரைக்கு வந்து வாத்தியார் வேலையில் சேர்ந்தவள் நான். அங்கே பழகிய கண் இருக்கிறதே என்ற தைரியத்தில் படத்தை ஒரு தடவை ஓட்டிப் பார்ப்பேன். நன்றாக இருந்தால் 35, சுமார் என்றால் 28, ஃபோகஸ் போயிருந்தால் 22. இன்டர்னல், அதாவது கல்லூரியிலேயே நாங்கள் போடும் மார்க், மொத்தம் 40. குழுவில் நாலு பேர் இருந்தால் நாலு பேருக்கும் அதே மார்க். அரை நாளில் வேலை முடிந்துவிடும்.

அதைக் கெடுத்தது ஒரு ட்ரோன் ஷாட். விடியற்காலை வெளிச்சத்தில் யானைமலை, கீழே ஒத்தக்கடை வீடுகள், பின்னணியில் புல்லாங்குழல். வகுப்பே கைதட்டியது. நானும் மயங்கி 38 போட்டு, பட்டியலை ஆபீசுக்கு அனுப்பிவிட்டேன். பிறகு வைவாவில், அதாவது நேரில் கேள்வி கேட்கும் தேர்வில், சும்மா பேச்சுக்கு, "எத்தனை மணிக்கு எடுத்தீங்க? ஷட்டர் என்ன வச்சீங்க?" என்று கேட்டேன். நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒருவன், "மேம், எங்க மாமா கல்யாண வீடியோ ஸ்டுடியோ வச்சிருக்காரு..." என்று இழுத்தான். எடுத்தது மாமாவின் ஆள். வெட்டி ஒட்டியதும் கலர் போட்டதும் அவரே. டைட்டிலில் தங்கள் பெயர்களை எழுதிக் கொடுத்ததுதான் பிள்ளைகள் செய்த வேலை. அதிலும் ஒரு பெயரில் எழுத்துப்பிழை.

அதே வருடம் இன்னொரு குழுவுக்கு 24 போட்டிருந்தேன். விளாச்சேரியில் கொலு பொம்மை செய்கிற ஒரு வீட்டைப் பற்றிய படம். பாதிப் படம் இருட்டு, மீதி ஆட்டம். ஆனால் களிமண்ணைப் பிசையும் சத்தமும் அச்சிலிருந்து பொம்மை பிரிகிற சத்தமும் காதோரம் கேட்டன. ஒரு பெண், காலர் மைக்கைக் குச்சியில் கட்டிக்கொண்டு நாலு நாள் அந்தத் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் வைவாவில்தான் தெரிந்தது. அந்த 38ம் இந்த 24ம் பட்டியலில் அப்படியே நின்றுவிட்டன. இன்றைக்கும் விளாச்சேரி பக்கம் பஸ்ஸில் போனால் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அடுத்த வருடம் முதல் வகுப்பிலேயே சட்டம் போட்டுவிட்டேன். படம் 3 நிமிடம், அதற்கு மேல் ஓடினால் அங்கேயே நிறுத்திவிடுவேன். ட்ரோன் கிடையாது. கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே தடவை போனால் போதாது. சினிமாப் பாட்டு கூடாது. இதற்குத்தான் முணுமுணுப்பு அதிகம். வகுப்புக்குள் போட்டுக் காட்டும்போது யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை, உண்மைதான். ஆனால் யூடியூபில் ஏற்றினால், பாட்டின் உரிமையைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடி பிடித்துக்கொள்ளும், ஒரு குறும்பட விழாவுக்கும் அனுப்ப முடியாது. அப்புறம், தண்டவாளத்தில் நடந்து போகும் சோகமான ஹீரோவும் கூடாது. வருடத்துக்கு மூன்று குழு அதைத்தான் கேட்கும். ரயில்வே இடத்தில் அனுமதி இல்லாமல் கேமராவைத் திறக்கக்கூடாது என்பது ஒரு காரணம். எனக்கு அலுத்துவிட்டது என்பது இன்னொரு காரணம்.

பிறகு அந்த ஒற்றைத்தாள். எடுக்கப் போகும் முன் ஒவ்வொரு குழுவும் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். கருத்து, நோக்கம், சமூக அக்கறை எதுவும் எனக்கு வேண்டாம். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், அவர் எத்தனை மணிக்கு வேலையைத் தொடங்குவார், கை என்ன செய்துகொண்டிருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கம், அங்கே கண்ணை மூடினால் என்ன கேட்கும், படம் எடுக்க அவர் சம்மதித்தாரா. இவ்வளவுதான். போய்ப் பார்க்காமல் இந்தத் தாளை நிரப்ப முடியாது. நிரப்பினாலும் இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த வருடம் மாட்டியது பூ குழு. "மதுரை மல்லி: மணக்கும் வரலாறு" என்று தலைப்பு வைத்து ஜனவரியில் வந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். இரண்டு பக்கத்துக்கு வர்ணனை எழுதியிருந்தார்கள். 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அம்மனுக்கு உகந்தது, பெண்களின் கூந்தல், எல்லாம் இருந்தது. ஷாட் லிஸ்டில் முதல் வரி: 'குவியல் குவியலாக மல்லி.' ஏழாவது வரி: 'கோயிலுக்குள் அம்மனுக்கு மாலை சாத்துவது.' 2018 தீ விபத்துக்குப் பிறகு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் செல்போனே கொண்டுபோக விடுவதில்லை, நீங்கள் எதை வைத்து எடுப்பீர்கள் என்று கேட்டேன். மதுரைப் பிள்ளைகள்தான், தெரியாதா என்ன? எழுதும்போது ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

"மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வாங்க" என்று அனுப்பினேன். மறுநாள் வந்து, "கூட்டமே இல்ல மேம், கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தாங்க" என்றார்கள்.

"எத்தனை மணிக்குப் போனீங்க?"

"பதினொன்றரை மேம். ஃபர்ஸ்ட் ஹவர் முடிச்சிட்டு."

பூ மார்க்கெட்டுக்கு மத்தியானம் போனவர்களைத் திரும்பவும் இருட்டோடு போகச் சொன்னேன். போனார்கள். இந்தத் தடவை கூட்டம் இருந்தது, மூட்டைகள் இருந்தன, மல்லிதான் இல்லை. செவ்வந்தியும் அரளியும் சம்பங்கியும் மலை மாதிரி கிடக்க, மல்லி ஒரு கூடையின் அடியில் கொஞ்சம். மல்லிக்குக் கோடைதான் காலம். பனி விழுந்தால் மொட்டு வராது, அதுவும் பொங்கல் நெருங்கினால் விலை எங்கோ போய்விடும். பஸ் ஏறும் எந்தப் பூக்காரம்மாவும் சொல்லக்கூடிய விஷயம். குழுவின் கேமராமேன் என் அறைக்கு வந்து, "மேம், டாபிக் மாத்திக்கிறோம்" என்றான். முகம் தொங்கிப் போயிருந்தது.

மாற்ற வேண்டாம், அங்கே பார்த்ததைச் சொல் என்றேன். முதலில் ஒன்றும் இல்லை என்றான். பிறகு, கமிஷன் கடைக்காரர் அந்தக் கூடை மேல் ஒரு ஈரத்துண்டைப் போட்டு மூடி வைத்திருந்தார் என்றான். ஏன்? "எல்லாரும் விலையை மட்டும் கேட்டுட்டுப் போறாங்களாம் மேம், பதில் சொல்லியே வாய் வலிக்குதாம்." சரி, அப்புறம்? அவன் பக்கத்தில் நின்ற பெண் சொன்னாள்: வழக்கமாக ஒரு கிலோ வாங்கும் ஒரு பாட்டி அன்று கால் கிலோதான் வாங்கினார். வெளியே உட்கார்ந்து கட்டும்போது மொட்டுக்கு மொட்டு கொஞ்சம் இடைவெளி விட்டுக் கட்டினார். கேட்டதற்கு, "முழத்துக்கு வெலைய ஏத்தினா வாங்க மாட்டாக தாயி" என்றாராம்.

இதுதான் படம் என்றேன். வர்ணனை இரண்டு பக்கமும் போயிற்று. பெயர் 'கால் கிலோ' ஆயிற்று.

எடுக்கப் போன இடத்தில் வேறு கஷ்டங்கள். விடிவதற்கு முன் டியூப்லைட் வெளிச்சம் மட்டும்தான். முதல் நாள் எடுத்ததில் படம் முழுக்கக் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழே உருண்டுகொண்டிருந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை கூடிக் குறையும். போனின் ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிரேமுக்கும் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரத்தை, ஆட்டோவில் விட்டால் அதோடு ஒத்துப்போகாமல் போகலாம். புரோ மோடில் போய் 1/50 நொடி என்று பூட்டி வை என்றதும் சரியாயிற்று. இதை மூன்றாவது வாரப் பாடத்திலேயே நடத்தியிருக்கிறேன். போர்டில் எழுதியபோது யாருக்கும் ஏறவில்லை, பட்டை உருண்ட பிறகுதான் ஏறியது.

அதைவிடப் பெரிய தலைவலி உதடு. பாட்டியின் பேட்டியை 12 நிமிடம் ஒரே ஓட்டமாக எடுத்திருந்தார்கள், குரலைத் தனி ரெக்கார்டரில். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் போட்டு ஆரம்பத்தில் இரண்டையும் ஒட்டவைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. கடைசிக்கு வரும்போது பாட்டி வாயை மூடிய பிறகு குரல் வருகிறது. ஒரு ராத்திரி முழுக்கத் துண்டு துண்டாக வெட்டி நகர்த்திப் பார்த்திருக்கிறான் எடிட்டர் பையன். போன் கேமரா நொடிக்கு 30 பிரேம் என்று சொல்லுமே தவிர, வெளிச்சம் குறைந்தால் தன் இஷ்டத்துக்கு அதைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டிங் மென்பொருள் அதை 30 என்றே நம்பிக் கணக்குப் போடும். முதலில் ஹேண்ட்பிரேக்கில் போட்டு மாறாத பிரேம் ரேட்டுக்கு மாற்றிவிட்டு எடிட்டுக்கு எடு என்றேன். இலவச மென்பொருள், பத்து நிமிட வேலை. அவன் என்னைப் பார்த்த பார்வையில், 'இதை நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா' என்று இருந்தது.

ஒப்படைக்கும் நாள் கூத்தைச் சொல்லவே வேண்டாம். பென் டிரைவில் இடம் இருந்தும் ஃபைல் ஏற மாட்டேன் என்கிறது என்று இரண்டு குழு அழுதுகொண்டு நின்றன. எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. 3 நிமிடப் படம் ஏன் 4 ஜிபியைத் தாண்டியது என்பது வேறு கதை.

சரி, மார்க். இப்போது நான் செய்வது இது. முதல் தடவை லேப்டாப்பைப் பாதி மூடிவிட்டு, படத்தைப் பார்க்காமல் காதால் மட்டும் கேட்பேன். இரண்டாவது தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். மூன்றாவதுதான் முழுப்படம். காதால் கேட்கும்போது எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தால் சத்தத்துக்கு 10ல் 7க்குக் குறையாது. படத்துக்கும் எடிட்டுக்கும் சேர்த்தே 8தான். ஐபோன் வைத்திருக்கிற பிள்ளைக்கு அந்தப் போன் வாங்கித் தரும் மார்க் அதற்கு மேல் போய்விடக்கூடாது. 10 மார்க் அந்த ஒற்றைத்தாளுக்கு. தாளில் எழுதியபடியே எடுத்தார்களா என்று பார்ப்பதில்லை. எங்கே மாறியது, ஏன் மாறியது என்று பார்க்கிறேன். எதுவுமே மாறாத தாளைக் கண்டால் சந்தேகம்தான், படத்தை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்.

மிச்சம் 12 ஆளுக்கு ஆள். இதற்கு ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். "உன்னிடம் 100 ரூபாய் சம்பளப் பணம் இருக்கிறது. மற்ற மூன்று பேருக்கும் பிரித்துக்கொடு, ஏன் என்று ஒரு வரி எழுது." நாலு பேரும் தனித்தனியாக எழுதி மடித்துத் தர வேண்டும். நேரில் கேட்டால் "எல்லாரும் ஈக்குவலா செஞ்சோம் மேம்" என்று கோரஸ் பாடுவார்கள். சீட்டில் கணக்குப் பேசும். பூ குழுவில் ஒருவனுக்கு மூன்று பேரிடமும் சேர்த்து வந்தது 15 ரூபாய். அவனே எழுதிய சீட்டில் 70 ரூபாயை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்து, "நாலரை மணிக்கு எங்க மூணு பேரையும் போன் போட்டு எழுப்புனது இவதான், நான் ரெண்டு நாள் வரல" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காக அவனுக்கு ஒரு மார்க் கூட்டினேன். விதிப்படி தப்பு. போகட்டும்.

இந்த முறையிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. கூட்டாளிகள் சேர்ந்து பிடிக்காதவனைச் சீட்டில் கவிழ்க்கலாம், வைவாவில் வாய் உள்ளவன் பிழைத்துக்கொள்வான். ஒரு கூட்டத்தில் மேலே இருக்கும் ஒருவர், "எதுக்கும்மா இவ்வளவு சிக்கல், குழுவுக்கு ஒரே மார்க் போட்டு விடுங்க, ரிசல்ட் நல்லா வரும்" என்றார். தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். யானைமலைக் கதையை அவரிடம் சொல்லவில்லை.

ஆளுக்கு ஆள் போடும் 12ஐ விட்டால், 'கால் கிலோ'வுக்கு 28க்கு 22. எடிட்டர் பையன் திங்கட்கிழமை காலையிலேயே வந்து நின்றான். "எங்க மேம் குறைச்சீங்க?" அவன் லேப்டாப்பிலேயே 2 நிமிடம் 10வது நொடியைக் காட்டினேன். பாட்டியின் விரல் வாழைநாரைச் சுற்றி மொட்டுகளை வைத்து இழுக்கிறது, முடிச்சு விழுவதற்குள் ஷாட் வெட்டிவிடுகிறது. "முடிச்ச பார்க்க விடாம எங்கடா போற?" என்றேன். "மூணு நிமிஷத்துக்குள்ள வரணுமே மேம்" என்றான். ஆரம்பத்தில் மார்க்கெட் போர்டை 5 நொடி காட்டுகிறாயே, அது எதற்கு என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

மார்க் இனி மாறாது என்று அவனுக்குத் தெரியும். ராத்திரி பத்தரைக்கு வாட்ஸ்ஆப்பில் புது வெர்ஷன் வந்திருந்தது. போர்டு போய்விட்டது, முடிச்சு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வாட்ஸ்ஆப் நசுக்கியதில் விரல் எது, மொட்டு எது என்று தெரியவில்லை. "டிரைவ்ல போட்டு லிங்க் அனுப்பு" என்று பதில் போட்டேன்.