குழை எட்டிக் கடிக்கும் ஆடு

ரீச்சர் காலமான செய்தி ஸ்காபரோவுக்கு வந்தபோது நான் வாசல் பனியை அள்ளிக்கொண்டிருந்தேன். பெயர் எழுதத் தேவையில்லை. ‘கைப்பணி ரீச்சர்’ என்றால் நம் பள்ளிக்கூடத்தில் படித்த எவருக்கும் ஒரே முகம்தான். நினைவு மலர்க்குழுவினர் அவவைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது ஒரு விரல் பொம்மையின் கதை.

1993ஆம் ஆண்டு, நான் மூன்றாம் வகுப்பு. யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடை; மண்ணெண்ணெய் ஊற்றிய ஜாம் போத்தல் விளக்கில் படித்த காலம். பழைய கொப்பி மட்டையும் சேலைக் கரைத் துண்டும் கொண்டுவரச் சொல்லுவா. பசைக்கு வேப்பமரத்தில் பிசின் சுரண்டிச் சிரட்டையில் ஊறப்போடுவோம்.

ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டுச் சுட்டுவிரலின் சுற்றளவை நூலால் எடுப்பா. அப்புறம் அதே நூலை நுனியிலிருந்து கீழே பிடித்து, நடு மூட்டுக்குச் சற்று மேலே முடிச்சுப் போடுவா. மட்டைக் குழல் அந்த முடிச்சைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விரல் மடங்காது, மிருகம் தலையாட்டாது.

“கண்டதைச் செய்யுங்கோ பிள்ளையள்” என்பா. கோழி, கீரி, அணில், காகம் எல்லாம் வகுப்பில் பிறந்தன. நான் மட்டும் புத்தகத்தில் பார்த்த ஒட்டகச்சிவிங்கிக்கு ஆசைப்பட்டேன். அக்காவின் கொப்பி மட்டையை வெட்டி, விரலைப் போல இரண்டு மடங்கு நீளத்துக்குக் கழுத்து வைத்தேன். அடுத்த நாள் வகுப்பின் முன்னால் நின்று விரலை நிமிர்த்தியதும் கழுத்து நடுவில் முறிந்து தொங்கியது. எல்லாரும் சிரித்தார்கள். ரீச்சரும் சிரித்துவிட்டா. காது இரண்டும் சுட்டது. அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் தேவாரம் முடிந்து வந்ததும், இடாப்பு எடுக்க முன்னமே என்னைக் கூப்பிட்டா. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, “நேற்று நான் சிரிச்சது பிழை, குஞ்சு” என்றா. எட்டு வயதுப் பிள்ளையிடம். அதற்குப் பிறகு வீட்டிலோ வேலையிடத்திலோ என்னிலும் பெரியவர் எவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பிறகு முறிந்த இடத்தில் கத்தரிக்கோலை வைத்தா. “விரல் முடியிற இடத்துக்கு மேல மட்டைதான் நிக்கும், மிருகம் நிக்காது.” மண்ணிறச் சேலைக் கரையில் இரண்டு காது, தும்பில் தாடி, கரியால் கண். “இது வேலியில முன்னங்காலைப் போட்டுக் குழை எட்டிக் கடிக்கிற ஆடு. அதுக்கும் கழுத்து நீளம்தானே?” என்று சொல்லித் தன் விரலில் மாட்டி, யன்னலுக்கு வெளியே கிளுவை வேலியருகே நீட்டினா. விரல் மடங்கியது. ஆடு குழை கடித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு, ஆமி நெருங்கி வர, ஊரோடு சேர்ந்து மழைக்குள், ஆளுக்கொரு பையோடு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டோம். நாவற்குழிப் பாலத்தில் சனம் நகர முடியாமல் நின்றபோதுதான் ஆடு பவுடர் ரின்னுக்குள் கிடப்பது ஞாபகம் வந்தது. அப்புறம் வன்னி, கொழும்பு, கனடா.

2017இல் இரண்டு கிழமை ஊருக்குப் போனேன். நல்லூர்த் திருவிழா, ஒரு கலியாணம், காணி அலுவல். “ஆடு செய்த பிள்ளை எங்கை எண்டு ரீச்சர் கேட்டவ” என்று நண்பன் சொன்னான். அவவின் வீடு சைக்கிளில் பத்து நிமிடம். அடுத்த முறை பார்ப்போம் என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினேன். அந்தப் பத்து நிமிடம் இப்போது தினமும் வந்து நிற்கிறது.

சனிக்கிழமைகளில் மகளின் தமிழ் வகுப்பில் நான் விரல் பொம்மை செய்யக் கற்றுக்கொடுக்கிறேன். கடையில் எல்லா நிறத்திலும் துணி, ஒட்டுவதற்கு நல்ல பசை. ஆனாலும் நூலால்தான் அளக்கிறேன், முடிச்சும் போடுகிறேன். “கண்டதைச் செய்யுங்கோ” என்றேன். ரக்கூனும் கறுப்பு அணிலும் கனடா வாத்தும் வந்தன. நான் ஆடு செய்தேன்.

“இது ஏன் மேலே பார்க்குது?” என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்டது.

பச்சைத் துணியில் மூன்று இலை வெட்டி அந்தப் பிள்ளையிடம் கொடுத்தேன். ஆடு எட்டியது. இன்னும் கொஞ்சம் மேலே பிடி என்றேன்.