விடுதிப் பாட்டும் நாற்பத்திரண்டாம் சங்கீதமும்

மட்டக்களப்பான் மலருக்கு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே எங்கள் வாவியின் பேர்பெற்ற ‘பாடும் மீன்’ பாடியாக வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். ஐம்பதுகளில் மெதடிஸ்த மத்திய கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு உண்மை தெரியும். வாவிக்கரையில் இரவில் பாடியவர்கள் நாங்கள். மீன்கள் பாடியிருந்தாலும் எங்கள் சத்தத்தில் எவருக்கும் கேட்டிருக்காது.

இரவுப் படிப்புக்கு முன் ஒரு வேதப்பகுதி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். சுருதி சேராதவனுக்கும் விடுதலை கிடையாது. சபையார் எப்படிப் பாட வேண்டும் என்று மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1761இல் ஏழு விதிகள் வகுத்திருக்கிறார். எல்லோரும் பாட வேண்டும், பாடுவது சிலுவையாகத் தோன்றினால் அதையும் சுமக்க வேண்டும், பாதித் தூக்கத்தில் இருப்பவனைப்போல் பாடக்கூடாது என்பவை அவற்றுள் அடங்கும். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து எங்கள் பள்ளியைத் தொடங்கி, மறு ஆண்டே இறந்துபோன மிஷனரி வில்லியம் ஓல்ட் அந்த மரபில் வந்தவர். எங்கள் விடுதிப் பொறுப்பாசிரியர் அவ்விதிகளைப் படித்திருந்தாரோ என்னவோ, ஆர்மோனியத்துக்கு மேலாக எங்களைப் பார்த்த பார்வையில் ஏழும் இருந்தன.

என் பக்கத்துக் கட்டில்காரன் சைவன். மாமாங்கேஸ்வரர் கோயிலில் தேவாரம் பாடிப் பழகிய தொண்டை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போகும் கீர்த்தனைகள் எங்களைவிட அவனுக்கு விரைவில் பிடிபட்டன. மேல்நாட்டு மெட்டில் அமைந்த பாமாலைகளில்தான் அவனும் நாங்களும் சமமாகத் தடுமாறினோம்.

ஞாயிறு பாடசாலையில் மனன வசனத்துக்குப் பரிசு உண்டு. பரிசுக்காகப் பாடமாக்கியவை பரிசு வாங்கிய கையோடு போய்விட்டன. பாடிய வசனங்கள் இன்றும் நாவில் இருக்கின்றன. பாட்டு வேதத்தை உடம்புக்குள் கொண்டுபோய் வைக்கிறது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், அது எல்லாவற்றையும் கொண்டுபோவதில்லை. துதியை எடுத்துக்கொள்ளும், துயரத்தில் கடவுளிடம் புலம்பிக் கேட்கும் முறையீட்டைப் பெரும்பாலும் விட்டுவிடும். வேதாகமத்தின் பாடல்களான 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை முறையீடுகள். எண்பத்தெட்டாம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் சொல்லாமலே முடிகிறது. விடுதியில் அதை ஒருநாளும் நாங்கள் பாடியதில்லை.

இதை எனக்கு விளங்கவைத்தது 2004 டிசம்பர் 26 சுனாமி. ஊரில் ஞாயிறு காலை கடல் வந்தபோது நாங்கள் குடியேறிய கனடாவில் கிறிஸ்மஸ் இரவு. விருந்து முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வீடுகளில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. நாவலடி, கல்லடி, பிறகு கல்முனை, காரைதீவு என்று பெயர்கள் வந்தவண்ணம் இருந்தன. இலங்கையிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம் என்பது பின்னர் தெரியவந்தது. விடிந்ததும் ஆராதனைக்குப் போனோம். அன்றைக்கென்று ஏற்கெனவே தெரிவுசெய்திருந்த பாட்டு நாற்பத்தாறாம் சங்கீதத்தைத் தழுவியது. கடல் கொந்தளித்துப் பொங்கினாலும் “நாம் பயப்படோம்” என்னும் இடத்தில் சபையின் பாட்டு நின்றுவிட்டது. பாதிப் பேருக்குத் தம் வீட்டார் உயிரோடு இருக்கிறார்களா என்பதே தெரியாது.

போதகர் வற்புறுத்தவில்லை. வேதத்தைத் திறந்து நாற்பத்திரண்டாம் சங்கீதத்தை வாசித்தார். “உமது அலைகளும் திரைகளும் எல்லாம் என்மேல் புரண்டுபோகிறது” என்பது ஏழாம் வசனம். எட்டாவதில், “இராக்காலத்திலே அவரைப் பாடும் பாட்டு என் வாயிலிருக்கிறது.” ஒன்பதாவதில், “ஏன் என்னை மறந்தீர்?” அலைக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவில் பாட்டு இருக்கிறது. பாடியதனால் அலை வற்றவில்லை, கேள்வியும் தீரவில்லை. கேட்பவனும் பாடுபவனும் ஒரே ஆள். விசுவாசம் என்றால் கேள்வி கேட்காமல் இருப்பது என்று வளர்ந்த எனக்கு, கேட்கவும் இடமுண்டு என்று வேதமே காட்டியது அன்றுதான். அதன்பின் போதகர் மறுபடியும் பாட்டைத் தொடங்கினார். இம்முறை முடிக்க முடிந்தது. விடுதியில் தொண்டை கிழியப் பாடிய அதே வரியை அன்று பயத்தோடு பாடினோம். நான் உண்மையாகப் பாடியது அப்போதுதான் என்று எண்ணுகிறேன்.

அன்றுமுதல் எந்தப் பாட்டையும் அது பிறந்த வேதப்பகுதியை வாசிக்காமல் பாடுவதில்லை. பாட்டு எதை எடுத்தது, எதை விட்டது என்று பார்த்தாலே ஒரு மாலைத் தியானத்துக்குப் போதும். இங்கே கனடாவில் பிள்ளைகள் பாட்டு வரிகள் ஓடும் திரையைப் பார்த்து, ஒரே வரியைப் பத்து முறை பாடுகிறார்கள். மேளமும் கிற்றாரும் எனக்குத் தொந்தரவில்லை. நமது கீர்த்தனைகளுக்கும் தாளம் வேண்டும். அந்தத் திரையில் ஒரு முறையீடாவது வந்தால் நல்லது.

வரும் கிறிஸ்மஸ் ஒளிவிழாவில் பாட்டுகளுக்கு நடுவே மேற்சொன்ன மூன்று வசனங்களையும் வாசிக்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவிடம் கேட்டேன். கிறிஸ்மஸுக்குப் பொருந்துமா என்று ஒருவர் தயங்கினார். டிசம்பர் 26ஐ மறக்காதவர்களே குழுவில் பெரும்பான்மை என்பதால் ஒப்புதல் கிடைத்துவிட்டது. வாசிக்க ஒரு நல்ல குரல் தேவை. விருப்பமுள்ளவர்கள் செயலாளருக்கு அறியத்தரவும்.