எஃப்டி ஆர்எக்ஸ்-7: போர்ட்டில் கை வைப்பதற்கு முன்னால்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் மூன்றாம் தலைமுறையான எஃப்டியில் இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ என்ற டர்போ ரோட்டரி இன்ஜின். அதைப் பிரித்ததும் பலருடைய கை, போர்ட்டை (காற்றும் புகையும் போய்வரும் வாயை) பெரிதாக்கக் கிரைண்டரைத்தான் முதலில் தேடுகிறது. தேட வேண்டியது நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜை. பிஸ்டனுக்குப் பதில் 654 சிசி வீதம் இரண்டு முக்கோண ரோட்டர். வால்வும் இல்லை, கேம்ஷாஃப்டும் இல்லை. கம்ப்ரெஷன் முழுக்கச் சீல்களின் பொறுப்பு. ஒரு ரோட்டருக்கு முக்கோண முனைகளில் அபெக்ஸ் சீல் மூன்று, அவற்றின் இரு நுனிகளிலும் கார்னர் சீல் ஆறு, பக்கவாட்டு விளிம்புகளில் சைடு சீல் ஆறு.

பிரிப்பதற்கு முன்பே கம்ப்ரெஷன் பாருங்கள். சாதாரண கேஜ் ரோட்டரின் மூன்று முகங்களில் அதிகமானதை மட்டும் பிடித்துவைத்துக் காட்டும். அதன் ஒருவழி வால்வைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் முள் துள்ளும். மூன்று துள்ளலும் சமமாக இருக்க வேண்டும். இரண்டு தொய்ந்து ஒன்று நன்றாக இருந்தால் பெரும்பாலும் அபெக்ஸ் சீல் போயிருக்கிறது, ஏனென்றால் ஒரு அபெக்ஸ் சீல் இரண்டு அறைகளுக்குப் பொது. ஒன்று மட்டும் தொய்ந்தால் சைடு சீலைச் சந்தேகியுங்கள்.

ரோட்டர் சுழலும் கூடான ரோட்டர் ஹவுசிங்கில் சீல் ஓடும் தடத்தில் குரோம் உரிந்திருந்தால் மாற்றுவதுதான் வழி. பாலிஷ் போட்டால் பளபளக்கும், அவ்வளவுதான்.

பொறுமை தேவைப்படும் இடம் சைடு சீல். புதியது நீளமாகவே வரும். ஒரு முனையை மட்டும் அரத்தால் தேய்த்து, கார்னர் சீலின் வளைவுக்குப் பொருந்த வைத்து, இடைவெளியை 0.05 முதல் 0.15 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும். 0.05க்குக் கீழே போனால் சூட்டில் விரிந்து கார்னர் சீலை நெருக்கும், பக்கத் தகட்டைக் கீறும். அதிகமானால் கம்ப்ரெஷன் கசியும். சூடான இன்ஜின் மறுபடி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். தேய்த்த சீல் அதன் பள்ளத்துக்கு மட்டுமே சொந்தம், குறித்துவையுங்கள்.

இனி போர்ட். தெருவில் ஓடும் வண்டிக்கு ஸ்ட்ரீட் போர்ட் போதும்: இன்டேக் (காற்று உள்ளே வரும் போர்ட்) தாமதமாக மூடும்படி மேல் விளிம்பை உயர்த்துவது. கார்னர் சீல் ஓடும் பாதையைத் தின்றுவிட்டால் சீல் உள்ளே இறங்கி மாட்டும். மூடும் விளிம்பைச் சரிவாக்கி விடுங்கள், இல்லையேல் சைடு சீல் இடறும். ஆழமாகத் தோண்டினால் தண்ணீர் அறை திறந்துகொள்ளும். இன்டேக்கை ஒட்டிக் கூடுதல் திறப்பு வெட்டும் பிரிட்ஜ் போர்ட்டின் சத்தம் கேட்க ஆசையாகத்தான் இருக்கும். சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் தள்ளாடும், பெட்ரோலும் ஏகமாய்க் குடிக்கும்.

எக்ஸாஸ்ட்டை (புகை வெளியேறும் வழியை) தாராளமாக்கினால் இன்னொரு சிக்கல். டர்போவுக்குப் போகும் மிகுதிப் புகையைத் திருப்பிவிடும் கம்பெனி வேஸ்ட்கேட் சின்னது, சுமார் 0.7 பாரில் நிற்க வேண்டிய பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) தானாக மேலே ஏறும். பெட்ரோல் போதாமல் கலவை மெலிந்தால் நாக்கிங், அதாவது கட்டுப்பாடில்லாமல் வெடிப்பது. 2 மி.மீ. அபெக்ஸ் சீல் உடைய ஒரே ஒரு பலமான நாக் போதும், உடைந்த துண்டு போகிற வழியில் டர்போ சக்கரத்தையும் பதம் பார்க்கும். ஆகவே வேஸ்ட்கேட், இன்ஜெக்டர், பம்ப், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டியூனிங் முதலில், பூஸ்ட் பிறகு.

சூடு இதைவிட மோசமான எதிரி. எஃப்டியின் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்று ஏமாற்றும், ஃபேனும் 105 டிகிரி வாக்கில்தான் சுழலத் தொடங்கும். தனி மீட்டர் போடுங்கள், ஃபேனை 95க்கே ஓடவிடுங்கள். கூலன்ட் காற்றுப் பிரிப்பான் தொட்டி பிளாஸ்டிக். வெடிக்கும் முன் அலுமினியத்துக்கு மாற்றுங்கள். காலையில் வெள்ளைப் புகை வந்து கூலன்ட்டும் குறைந்தால் உள் கூலன்ட் சீல் போய்விட்டது, மறுபடி முழுவதும் பிரிக்க வேண்டும்.

சீல்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் ஊட்டும் ஆயில் மீட்டரிங் பம்ப் வேலை செய்தாலும் 50 லிட்டர் பெட்ரோலுக்கு 250 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலப்பது நல்லது. பம்ப்பைக் கழற்றிவிட்டால் அளவை இரட்டிப்பாக்குங்கள்; ஆயிலைப் பெட்ரோல் தொட்டியில் முதலில் ஊற்றிவிட்டு மேலே பெட்ரோல் அடித்தால் தானாகக் கலந்துகொள்ளும்.