ஃபாரத்தோட பின்பக்கம்

கடலூர்ல வாலண்டியர் பசங்கள சேத்து வேலை பாக்குற பொறுப்புக்கு வந்து ஒம்பது வருஷம் ஆகுது. ஆரம்பத்துல காலேஜ் காலேஜா போய் பேசுவேன், 1859ல சோல்ஃபரினோ சண்டையில அடிபட்டு கெடந்தவங்கள ஹென்றி டூனன்ட் பாத்ததுல ஆரம்பிச்சு ரெட் கிராஸ் வரைக்கும் ஒரு மணி நேரம் ஓடும். கை தட்டுவாங்க. அப்புறம் வாசல்ல வந்து "சார், சர்டிஃபிகேட் எப்ப தருவீங்க?" என்எஸ்எஸ்ல, அதான் காலேஜ் நாட்டு நலப்பணித் திட்டத்துல, வருஷத்துக்கு 120 மணி நேரம் சேவை காட்டணும்ல. அப்பல்லாம் கோவம் வரும், இப்ப வர்றதில்ல. எதுக்கு வந்தாலும் வரட்டும், வந்த புள்ளைய யார் முன்னாடி கொண்டுபோய் உக்கார வைக்கிறோம்னுதான் பாக்கணும்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சு. புயல விட அதுக்கப்புறம் சாத்தனூர் டேம் தண்ணியும் சேந்து தென்பெண்ணை பொங்கி வந்ததுதான் எங்கள போட்டு அடிச்சுது. தண்ணி வடிஞ்சதும் ஆத்தோர ஊருக்கு கணக்கெடுக்க போனோம். கூட ஒரு ஃபர்ஸ்ட் இயர் பையன், கையில ஃபாரம், அரிசி, பாய், போர்வைன்னு கட்டம் போட்டிருக்கும், டிக் அடிச்சா போதும்.

ஒரு ஆயா ஈரத் திண்ணையில உக்காந்திருந்தாங்க. இவன் நின்னுகிட்டே கேக்க, அவங்க "அரிசி குடுத்துட்டாங்க தம்பி, அடுப்பே ஊறிப்போய் கெடக்கு, அத எங்க வச்சு பொங்க"ன்னாங்க. அப்புறம் குரல எறக்கி, மாத்திக்க உள்பாவாட கூட இல்ல, பிரஷர் மாத்திர சீட்டும் தண்ணியோட போயிடுச்சுன்னாங்க. இவன் என்ன திரும்பி பாத்தான், "சார், இதுக்கு கட்டம் இல்லையே". நான் ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் முழிச்சிட்டு அந்த திண்ணையிலயே பக்கத்துல உக்காந்து, ஃபாரத்த திருப்பி முட்டி மேல வச்சு எழுத ஆரம்பிச்சான், மாத்திரையோட கலர், காலையிலயா ராத்திரியான்னு எல்லாம் கேட்டு. அடுத்த வீட்டுல நான் சொல்லாமலே உக்காந்துட்டான். சாயங்காலம் பசங்களே காசு போட்டு மஞ்சக்குப்பத்துல துணி எடுத்தாங்க, மாத்திரைக்கு நர்ஸம்மாவ கூட்டிட்டு போனோம்.

குடுக்கும்போது ஒருத்தன் செல்ஃபோன தூக்கினான். நான் வாய் தொறக்கறதுக்குள்ள இவன் "வேணாம்டா, நம்ம ஆயான்னா எடுப்பியா"ன்னான். எத்தனையோ கிளாஸ்ல நான் சொல்லி யாரு மண்டையிலயும் ஏறாத விஷயம் அது.

இப்ப காலேஜ்ல இருக்கற புள்ளைங்க முக்காவாசி பேரு 2004 சுனாமிக்கு அப்புறம் பொறந்தவங்க. கடலோர தேவனாம்பட்டினத்து பொண்ணு ஒண்ணு, வீட்டுல அத பத்தி யாருமே பேச மாட்டாங்கன்னு சொல்லிட்டிருந்துச்சு. கணக்கெடுப்புக்கு வந்துட்டு போன அன்னிக்கு ராத்திரிதான் முதல்முறையா அவங்க ஆயாகிட்ட கேட்டுச்சாம், விடிய விடிய பேசினாங்களாம்.

போன மாசம் அந்த பையன் ரெண்டு ஜூனியர கூட்டிட்டு வந்தான். புது ஃபாரம் அவன்தான் பிரிண்ட் எடுத்தது, பின்பக்கம் முழுசா கோடு மட்டும் போட்டு காலியா விட்டிருந்தான்.