கடிகார மேசையிலிருந்து பார்த்த ஓர் ஆண்டு

1965 முதல் 2017 வரை தென்கிழக்காசிய விளையாட்டுகளில் ஆண்கள் வாட்டர் போலோ (நீந்தியபடியே பந்தைக் கோலுக்குள் வீசும் ஆட்டம்) தங்கம் சிங்கப்பூரைத் தவிர வேறு யாருக்கும் போனதில்லை. தொடர்ந்து 27 முறை. இங்கே சிங்கப்பூரில் வாட்டர் போலோ வட்டாரத்தில் யாரிடம் பேசினாலும் கொஞ்ச நேரத்தில் இந்த எண் வந்துவிடும். தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், இப்போது பேரன் ஆடுகிறான் என்று சொல்லும் குடும்பங்களும் உண்டு. அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் 2025-ஐ ஆட்ட நேரமும் ஸ்கோரும் பார்க்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்த பிறகு, அந்த 27 பற்றி வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன்.

நான் இந்த விளையாட்டை ஆடியதில்லை. பகலில் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் கணக்கு வேலை. மகள் உயர்நிலைப்பள்ளியில் வாட்டர் போலோ அணியில் சேர்ந்தபோது, பெற்றோரில் யாராவது மேசையில் உட்கார முடியுமா என்று கேட்டார்கள். எண்களோடு பழகியவள் என்பதால் சரி என்றேன். அப்புறம் பயிற்சி, தேர்வு, உள்ளூர்ப் போட்டிகள் என்று போய், இன்றைக்கு மாலை நேரங்களிலும் வார இறுதிகளிலும் மேசை அதிகாரியாக இருக்கிறேன். ஆட்டக்காரப் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் ஆன்ட்டி.

மேசை வேலையை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சாதாரணமாக நினைப்பார்கள். ஒருவர் ஆட்ட நேரத்தைப் பார்க்க வேண்டும். எட்டு நிமிடம் வீதம் நான்கு கால் பகுதி, பந்து நின்றால் கடிகாரமும் நிற்க வேண்டும். இன்னொருவர் ஓர் அணி எவ்வளவு நேரம் பந்தை வைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாமவர் ஸ்கோர் தாளில் கோல், வெளியேற்றம், பெனால்ட்டி எல்லாவற்றையும் தொப்பி எண்ணோடு எழுத வேண்டும். ஓர் ஆட்டக்காரர் மூன்று பெரிய தவறு செய்தால் அந்த ஆட்டத்தில் அவருக்கு இடமில்லை. அந்த மூன்றாவது தவறை மேசை கவனித்துச் சொல்லாவிட்டால் ஆட்டமே குழம்பிவிடும். தண்ணீருக்கு வெளியே தெரிவது தலையும் கையும் மட்டும். அதற்குள் என்ன நடக்கிறது என்பது நடுவரின் விசிலில்தான் நமக்குத் தெரியும்.

2025 தொடங்கும்போதே விதிகள் மாறியிருந்தன. ஆண்களுக்கு 30 மீட்டராக இருந்த ஆடுகளத்தை உலக நீர் விளையாட்டு அமைப்பு 25 மீட்டராகக் குறைத்தது. ஒரு தாக்குதலுக்கு 30 வினாடி என்றிருந்தது 25 ஆனது. காகிதத்தில் சின்ன மாற்றம்தான். குளத்தில் அப்படியில்லை. மிதவைக் கயிறுகளின் அளவு, கோல் கம்பங்கள் நிற்கும் இடம், பக்கவாட்டுக் குறிகள் எல்லாம் மாற வேண்டும். கடிகாரத்தில் விரல் வைப்பவருக்குப் பழைய தாளம் உடம்பிலேயே ஊறியிருக்கும். பந்து வெளியே போய் மூலை எறிதல் கிடைத்தால் எத்தனை வினாடி, கோல்கீப்பர் தடுத்து மறுபடியும் அதே அணிக்குப் பந்து கிடைத்தால் எத்தனை வினாடி என்பதையெல்லாம் புதிதாகப் படித்தோம். வேலை முடிந்து வந்து இரவில் காணொளிகளைப் போட்டுப் பார்த்து, ஒருவருக்கொருவர் கேள்வி கேட்டுப் பழகினோம். எங்கள் குழுவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பாலிடெக்னிக் மாணவி ஒருத்தி, டாக்சி ஓட்டுநர் ஒருவர். எல்லாரும் வேறு வேலை பார்ப்பவர்கள். இந்த நாட்டின் வாட்டர் போலோ இப்படிப்பட்டவர்களின் மாலை நேரங்களில்தான் நடக்கிறது.

இந்தப் படிப்பெல்லாம் ஜூலைக்காக. ஜூலை 11 முதல் ஆகஸ்ட் 3 வரை உலக நீர் விளையாட்டு வெற்றியாளர் போட்டி சிங்கப்பூரில் நடந்தது. தென்கிழக்காசியாவுக்கு அது வந்தது இதுவே முதல் முறை. வாட்டர் போலோ ஓசிபிசி நீர் விளையாட்டு நிலையத்தில். ஆண்கள் பிரிவில் 16 அணி, பெண்கள் பிரிவில் 16 அணி. போட்டியை நடத்தும் நாடு என்பதால் எங்கள் இரண்டு அணிகளுக்கும் இடம் கிடைத்தது. ஆண்கள் அணிக்கு அதுதான் முதல் உலகப் போட்டி; பெண்கள் அணி 2024-இல் தோஹாவிலும் ஆடியிருந்தது.

முடிவு என்னவாக இருக்கும் என்று யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குழு ஆட்டங்களில் பெரிய வித்தியாசத்தில் தோற்றோம். ஸ்கோர் பலகையைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் ஒருவர், "ஏன்க்கா, இவ்வளவு அடி வாங்கறதுக்கு எதுக்கு ஆடணும்?" என்று கேட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. குளத்தோரத்தில் நின்று பார்த்திருந்தால் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

அங்கே நான் கவனித்தவற்றைச் சொல்கிறேன். கோலுக்கு எதிரே நடுவில் நிற்பவரை சென்டர் ஃபார்வர்ட் என்பார்கள். ஐரோப்பிய அணிகளில் அந்த இடத்தில் ஆடுபவர்கள் மலைபோல இருக்கிறார்கள். அடியில் கால் படக்கூடாது என்பதால் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றிச் சுழற்றித்தான் மிதக்க வேண்டும். முதுகில் ஒருவரைச் சுமந்துகொண்டு, ஒரு கையால் அவரைத் தள்ளிக்கொண்டு, மறு கையை உயர்த்திப் பந்து கேட்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் இருவர் சேர்ந்தும் அவர்களை அசைக்க முடியவில்லை. முதல் ஆட்டங்களில் 25 வினாடிக்குள் ஒரு நல்ல ஷாட் எடுக்க இடம் கிடைக்காமல் தவித்தார்கள். கடிகாரம் இறங்க இறங்கத் தூரத்திலிருந்து அவசரமாக வீசினார்கள். பந்து எதிர் கோல்கீப்பரின் கைக்குப் போய், அடுத்த சில வினாடிகளில் எங்கள் வலைக்குள் இருந்தது.

பின்னால் வந்த ஆட்டங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. எதிரணியில் ஒருவர் வெளியேற்றப்பட்டு ஆறு பேருக்கு ஐந்து பேர் என்று வரும் நிலையை மேன்-அப் என்று சொல்வோம். அதில் பதற்றமில்லாமல் பந்தைச் சுற்றிக் கொடுத்து, தூரத்துக் கம்பத்தின் பக்கம் நிற்பவருக்குச் சேர்த்தார்கள். கடிகாரத்தைப் பார்க்காமலேயே எத்தனை வினாடி மிச்சம் என்று உணரத் தொடங்கியிருந்தார்கள். ஸ்கோரில் இது பெரிதாகத் தெரியாது. மேசையில் உட்கார்ந்து பழகிய கண்ணுக்குத் தெரியும். உள்ளூரில் இத்தனை ஆண்டுகள் பார்த்தும் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு வளர்ச்சியை நான் பார்த்ததில்லை.

பெண்கள் இறுதியில் கிரீஸ் ஹங்கேரியை 12-9 என்றும், ஆண்கள் இறுதியில் ஸ்பெயின் ஹங்கேரியை 15-13 என்றும் வென்றன. அந்த இறுதி ஆட்டங்களைப் பார்க்கப் பள்ளி அணிப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தார்கள். தொலைபேசியில் மட்டும் பார்த்த ஆட்டத்தைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தார்கள்.

இப்போது அந்த 27-க்கு வருகிறேன். 2019-இல் பிலிப்பீன்ஸில் இந்தோனேசியாவிடம் 5-7 என்று தோற்றோம். 54 ஆண்டுத் தொடர் அங்கே அறுந்தது. தங்கம் இந்தோனேசியாவுக்குப் போனது. அன்றைக்கு அழாதவர்கள் குறைவு. 2023-இல் கம்போடியாவில் அந்தத் தங்கத்தை மீட்டார்கள். அது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை, நான்கைந்து அண்டை நாடுகளுக்கு எதிராக வெல்வதே குறி என்று அரை நூற்றாண்டு வைத்திருந்தால், பயிற்சியும் அந்த அளவுக்குத்தான் திட்டமிடப்படும். குட்டையான அளவுகோலால் தினமும் அளந்துகொண்டே இருந்தால் வளர்ந்துவிட்டோம் என்றே தோன்றும். 2019-இல் நடந்த தோல்விக்கு அந்த ஒரு நாளின் ஆட்டத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

முன்பு இப்படி இருக்கவில்லை. 1951-இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் வாட்டர் போலோ தங்கத்தை இந்தியா வென்றது. தமிழ்நாட்டு உறவினர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். வெள்ளி சிங்கப்பூருக்கு. 1954-இல் மணிலாவில் தங்கம் எங்களுக்கே. 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் சிங்கப்பூர் வாட்டர் போலோ அணி ஆடியது. 1986 ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்தப் பதக்கங்கள் எல்லாம் பெரிய அணிகளோடு மோதித்தான் வந்தன.

சவால்கள் என்று பேச ஆரம்பித்தால் முதலில் வருவது வயது. பையன்களுக்கு 18 வயதை ஒட்டி தேசிய சேவை, அதாவது ராணுவம் போன்ற கட்டாயப் பணி, இரண்டு ஆண்டு. தேசிய சேவை வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஹங்கேரியிலும் செர்பியாவிலும் அதே வயதுப் பையன் கிளப் லீக்கில் பெரியவர்களோடு வாராவாரம் ஆடிக்கொண்டிருப்பான். இங்கே முகாமிலிருந்து வார இறுதியில் வந்து பயிற்சிக்குக் குதிப்பவனின் கண்ணில் தூக்கம் நிற்கும். சேவை முடிந்ததும் பல்கலைக்கழகம், அதற்கப்புறம் வேலை. உடம்பு நன்றாக முதிர்ந்து, ஆட்டம் புரிய ஆரம்பிக்கும் 25 வயதில் பலர் விலகிவிடுகிறார்கள். தேசிய அணியில் இருப்பவர்களும் வேலைக்கும் படிப்புக்கும் நடுவே அதிகாலையிலும் இரவிலும் பயிற்சி எடுப்பவர்கள்தான். விடுப்பு நாட்களை எல்லாம் போட்டிகளுக்கே கொடுத்துவிட்டு, குடும்பத்தோடு ஒரு பயணம்கூடப் போக முடியாதவர்களை எனக்குத் தெரியும்.

பெண்கள் பக்கம் வேறு சிக்கல். ஆட்கள் குறைவு. அணியில் ஒருவருக்குத் தோள் காயம் என்றால் அந்த இடத்தில் இறக்க அதே தரத்தில் இன்னொருத்தி இருக்க மாட்டாள். என் மகளே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய தொடக்கக் கல்லூரிக்குப் போனதும் நிறுத்திவிட்டாள். அவளோடு ஆடியவர்களில் பாதிப் பேர் உயர்நிலைப்பள்ளி முடிவில் வரும் சாதாரணநிலைத் தேர்வு ஆண்டிலேயே நின்றார்கள். பள்ளிப் போட்டியோடு முடிந்துவிடாமல், பதினாறு பதினேழு வயதுப் பெண்களுக்கு வாராவாரம் ஆட ஒரு லீக் வேண்டும். இந்த ஒன்றுக்காக நான் எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் போய்ப் பேசுவேன்.

குளம் கிடைப்பது இன்னொரு தலைவலி. வாட்டர் போலோவுக்கு ஆழம் வேண்டும், முழு அகலமும் வேண்டும். ஒரு பொது நீச்சல் குளத்தில் மாலை நேரத்தில் பாதியைக் கயிறு கட்டிப் பிரித்துக்கொண்டு ஆடுவோம். மறுபாதியில் நீந்துபவர்களின் தலைமேல் பந்து விழுந்தால் கோபப்படுவார்கள், அது நியாயமும்கூட. முழுக் களத்தில் ஆடிப் பழகாதவர்களுக்கு எதிர்த்தாக்குதலில் எந்த நொடியில் யார் எங்கே இருப்பார் என்ற உணர்வு வராது. களம் 25 மீட்டராகக் குறைந்ததில் ஒரு நன்மை, இனி இன்னும் பல குளங்களில் முழு ஆட்டம் நடத்தலாம். 2025-இல் ஆண்கள் அணியின் பயிற்சியாளராக இருந்த கான் அவோயாமா ஜப்பான்காரர். ஜப்பான் அணி உயரத்திலும் எடையிலும் குறைவாக இருந்தும் வேகத்தாலும் முன்னால் நின்று பந்தை மறிக்கும் தற்காப்பாலும் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. குறுகிய களமும் குறைந்த நேரமும் அப்படி ஆடும் அணிகளுக்கு ஒத்துவரும் என்று நான் நம்புகிறேன்.

முன்பு சிங்கப்பூர் நீச்சல் சங்கம் என்று இருந்து இப்போது சிங்கப்பூர் அக்வாட்டிக்ஸ் ஆகியிருக்கும் அமைப்பின் கீழ் நீச்சல், டைவிங், கலை நீச்சல், திறந்தவெளி நீச்சல், வாட்டர் போலோ எல்லாம் இருக்கின்றன. 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் எங்கள் நீச்சல் வீரர் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வென்ற பிறகு ஊரின் கண் நீச்சலின் மேல் இருப்பது இயல்பு. ஓர் ஆளை ஒலிம்பிக்குக்கு அனுப்புவதும் ஓர் அணியை அனுப்புவதும் செலவில் ஒன்றல்ல. பயிற்சிப் பயணம் என்றால் பதினைந்து பேருக்கு டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு. இதெல்லாம் கணக்குப் பார்ப்பவளாக எனக்குப் புரிகிறது. அப்படியும் என் வேண்டுகோள் ஒன்றுதான். பதக்கம் வந்த ஆண்டு, வராத ஆண்டு என்று பார்க்காமல், 16 வயதுக்குட்பட்ட பையன்களையும் பெண்களையும் ஒவ்வோர் ஆண்டும் ஜப்பானுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ அனுப்ப வேண்டும். அங்கே தோற்றுவிட்டு வரட்டும். ஜூலையில் பெரியவர்கள் கற்றதை அவர்கள் பத்து ஆண்டு முன்கூட்டியே கற்பார்கள்.

2025 டிசம்பரில் தாய்லாந்தில் தென்கிழக்காசிய விளையாட்டுகள். தங்கம் வேண்டும் என்று முழு மனதோடு விரும்பினேன். பெண்கள் அணிக்கும் சேர்த்துத்தான். ஆனால் நான் அங்கே பார்க்க நினைத்தது மேன்-அப்பில் பந்து எப்படிச் சுற்றுகிறது, கடைசி ஐந்து வினாடியில் யார் நிதானமாக இருக்கிறார்கள் என்பதைத்தான்.

அடுத்த ஆண்டு உள்ளூர்ப் போட்டிகளுக்குப் புதிய மேசை அதிகாரிகளைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறோம். வழக்கமாகப் பெற்றோரைத்தான் கேட்போம். இந்த முறை தேசிய சேவை முடித்து, வேலைக்குப் போய், ஆட நேரமில்லாமல் விலகிய பையன்களையும், படிப்புக்காக நிறுத்திய பெண்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். சிலர் கடிகாரத்துக்கு வருகிறேன் என்றார்கள். இரண்டு பெண்கள் நடுவர் பயிற்சிக்கே பெயர் கொடுத்திருக்கிறார்கள். என் மகளும் ஸ்கோர் தாள் எழுத வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.