பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது: காரணம் தேடிச் சரிசெய்த குறிப்பு

வண்டி: பழைய ஹேட்ச்பேக். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் வேக்யூம் பூஸ்டர் உண்டு, ஏபிஎஸ் கிடையாது. குறை: பெடல் பாதிக்கு மேல் இறங்கிய பிறகுதான் பிடிக்கிறது. அப்போதும் கெட்டியாக நிற்காமல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது.

இப்படி வந்தாலே பிரேக் ஆயில் வாங்கி ஏர் எடுக்க (லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற) ஆரம்பிப்பதுதான் வழக்கம். அது தப்பு. ஏர் எப்படி உள்ளே போனது என்று தெரியாமல் எடுத்தால், கொஞ்ச நாளில் மறுபடியும் அதே பெடல்தான். வேறு குறையாக இருந்தால் ஆயில்தான் வீண்.

இன்ஜினை நிறுத்தி, பெடலை ஐந்தாறு முறை மிதித்து பூஸ்டரில் இருக்கும் வேக்யூமைத் தீர்த்துவிட வேண்டும். பிறகு பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்தபடி வைத்தால், இந்த வண்டியில் மேற்கொண்டு இறங்கவில்லை. மெதுவாகத் தரைக்குப் போயிருந்தால் மாஸ்டர் சிலிண்டரில் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குத் தள்ளும் சிலிண்டர்) கப் வாஷர், அதாவது உள்ளே இருக்கும் ரப்பர் சீல், தேய்ந்து உள்ளேயே ஆயிலை விடுகிறது, அல்லது வெளியே எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். அடுத்து வேகமாக இரண்டு மூன்று முறை மிதித்தபோது பெடல் மேலே ஏறியது. இதற்கு இரண்டு காரணம்தான் பெரும்பாலும்: லைனில் ஏர், அல்லது பின் டிரம்மில் ஷூ (டிரம்மின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும் கட்டை) அளவுக்கு மீறி விலகியிருப்பது.

இரண்டையும் பிரித்துக் காட்ட ஹேண்ட் பிரேக் போதும். அதை இறுக்கி இழுத்துவிட்டுப் பெடலை மிதித்தால், ஷூ ஏற்கெனவே டிரம்மில் ஒட்டியிருப்பதால் அந்த இடைவெளி கணக்கில் வராது. இங்கே பெடல் நன்றாகவே உயர்ந்தது. ஆனால் அமுங்கல் போகவில்லை. ஆக, ஷூ இடைவெளியும் இருக்கிறது, ஏரும் இருக்கிறது.

எந்தச் சக்கரம்? ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக ஹோஸ் கிளாம்ப்பால் நெருக்கி, பெடலை மிதித்துப் பார்க்க வேண்டும். உருண்டை வாய் உள்ள கிளாம்ப்தான் சரி. கட்டிங் பிளேயரால் பிடித்தால் ஹோஸின் உள் அடுக்கு நசுங்கிவிடும். வெடிப்பு விட்ட ஹோஸை நெருக்கவே கூடாது, அதை மாற்றுவதுதான் வழி. பின் வலது ஹோஸை நெருக்கியதும் பெடல் கல்லாக நின்றது. எல்லா ஹோஸையும் நெருக்கியும் அமுங்கினால் மாஸ்டர் சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். சில வண்டிகளில் பின்னால் ஒரே ஹோஸ்தான்; அங்கே இடது வலது பிரித்துப் பார்க்க முடியாது.

முன் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு ஹேண்ட் பிரேக்கை விட்டு டிரம்மைக் கழற்றியாயிற்று. பிடித்துக்கொண்டால் சுத்தியலால் விளிம்பில் அடிக்க வேண்டாம். பல டிரம்களில் 8 மி.மீ. போல்ட் ஏற்ற இரண்டு மறை ஓட்டைகள் இருக்கும்; இரண்டையும் மாறி மாறி இறுக்கினால் டிரம் தானாக வெளியே வரும். உள்ளே இருக்கும் தூசியை ஏர் அடித்து ஊதக் கூடாது, பிரேக் கிளீனரால் நனைத்துத் துடைக்கவும்.

ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் டஸ்ட் கவரை ஸ்க்ரூ டிரைவரால் லேசாக விலக்கியதும் ஆயில் சொட்டியது. வெளியே பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது, அதனால்தான் இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆயிலை வெளியே விடும் கப், பெடலை விடும்போது காற்றை உள்ளே இழுக்கவும் செய்யும். ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் துருவேறி இறுகிக் கிடந்தது. ஷூ தேயத் தேய அது நகரவே இல்லை.

சிலிண்டருக்குள் குழி விழுந்திருந்தால் வாஷர் கிட் போடுவது வேலைக்கு ஆகாது; முழு சிலிண்டரையே, இரண்டு பக்கமும் மாற்றுவது நல்லது. ஆயில் ஊறிய ஷூவும் அப்படித்தான். எவ்வளவு கழுவினாலும் சூடானதும் மறுபடி கசியும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பைப் நட்டைக் கழற்றும் முன் ஒரு வேலை: பெடலை ஒரு குச்சியால் லேசாக அமுக்கி, சீட்டில் முட்டுக் கொடுத்துவிடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் இறங்கும் துளை மூடிக்கொள்ளும், பைப்பில் ஒழுகாது. பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும் என்பதால் அதன் ஃபியூஸைப் பிடுங்கி வைக்கவும். நட்டுக்கு, அதைச் சுற்றிப் பிடிக்கும் ஃபிளேர் ஸ்பேனர்தான். சாதாரண ஓப்பன் ஸ்பேனர் முனையை உருட்டிவிடும். மாட்டும்போது சிலிண்டர் போல்ட்டை இறுக்காமல், முதலில் பைப் நட்டைக் கையாலேயே சில மறை ஏற்றிவிட வேண்டும். அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, டிரம்மைக் கையால் சுற்றும்போது லேசாக உரசும் வரை திருப்ப வேண்டும். இடது வலது அட்ஜஸ்டரின் மறை எதிரெதிர், மாற்றிப் போடக் கூடாது. ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஷூ இடைவெளியைக் கேபிளால் இழுத்து மறைத்தால், பல டிரம்களில் அட்ஜஸ்டர் வேலை செய்வதே நின்றுபோகும்.

இப்போதுதான் ஏர். டாட் 4 ஆயில், சீல் உடைக்காத 500 மில்லி பாட்டில். டாட் 3க்குப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4க்கு 230. ஈரம் ஏறினால் 140, 155 வரை இறங்கலாம் என்பதால் பழைய பாட்டிலின் மிச்சம் வேண்டாம். சிலிக்கான் வகையான டாட் 5ஐக் கலக்கவே கூடாது. வலது பக்க ஸ்டீயரிங் வண்டியில் தூரமான பின் இடதில் தொடங்கி பின் வலது, முன் இடது, முன் வலது என்று வருவது வழக்கம். குறுக்காகப் பிரித்த லைன் (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே லைனில்) என்றால் மேனுவல் சொல்லும் வரிசைதான். ஏர் வெளியேறத் திறக்கும் நிப்பிளில் தெளிவான டியூப், அதன் மறுமுனை ஆயிலில் மூழ்கியபடி. மிதி, பிடி, நிப்பிளைத் திற, மூடு, அப்புறம்தான் காலை எடு. பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டை இருக்கட்டும்: பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் வழக்கமாகப் போகாத துருப் பகுதிக்குப் போனால் கிழிந்துவிடும். ஆயில் டப்பாவில் லெவலை மினிமம் கோட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது; ஆயில் தீர்ந்து காற்று உள்ளே போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பின் வலதில் முதலில் கறுத்த ஆயிலோடு பெரிய குமிழிகள், பிறகு பொடிப் பொடியாக. நிப்பிள் பக்கத்தில் ஸ்பேனரால் தட்டியதும் ஒட்டியிருந்தவையும் வந்தன. முடிந்தபின் பெடல் மேலேயே பிடிக்கிறது, அரை நிமிடம் மிதித்தும் அசையவில்லை. மிதித்தபடி இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் சற்று இறங்கி நிற்கிறது, பூஸ்டர் சரி.

முன் ஹோஸ்கள் இரண்டிலும் மடிப்பில் மெல்லிய கீறல் தெரிகிறது. அடுத்த வேலை அதுதான்: பேஞ்சோ போல்ட் (நடுவில் ஆயில் போகும் துளை உள்ள போல்ட்) இருக்கும் முனைக்குப் புதுச் செம்பு வாஷர் இரண்டிரண்டு, பிறகு முன்பக்கம் மட்டும் ஏர் எடுத்தால் போதும்.