ஸ்கேன் நார்மல் என்றார்களே, இன்னும் எதற்கு வரணும்?

பிறக்கும்போது மூளைக்கு ரத்தமும் ஆக்சிஜனும் சரியாகப் போகாமல் தவித்த குழந்தைகள், பிற்பாடு எப்படி வளர்கிறார்கள் என்று கவனிப்பதுதான் என் வேலை. புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். கடலூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். பலருக்கு, மூளை மேலும் பாதிக்கப்படாமல் இருக்கட்டும் என்று, பிறந்த 6 மணி நேரத்துக்குள் உடலைக் குளிர்விக்கும் சிகிச்சை தொடங்கியிருப்பார்கள். உடல் வெப்பத்தை 33 முதல் 34 டிகிரி செல்சியஸுக்குள் 72 மணி நேரம் வைத்திருந்து, அப்புறம் மெல்ல மெல்லச் சூடேற்றுவார்கள்.

அது முடிந்து சில நாளில் எம்ஆர்ஐ. பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படாது. பால் கொடுத்து, காதை மூடி, துணியில் கதகதப்பாகச் சுற்றினால் அந்த இரைச்சலிலும் குழந்தை தூங்கிவிடும். மூளையின் நடுவில் கை கால் அசைவுக்கான நரம்பிழைகள் இறங்கும் ஒரு குறுகிய பாதை உண்டு. நிறைமாதக் குழந்தைக்கு அது படத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால், கை கால் அசைவைப் பாதிக்கும் பெருமூளை வாதம் வரும் வாய்ப்பு அதிகம். அந்தக் குடும்பங்கள் பயத்திலாவது விடாமல் வந்துவிடுகின்றன.

எனக்குக் கவலையெல்லாம் நல்ல ரிப்போர்ட் வாங்கியவர்களைப் பற்றித்தான். ஓர் ஆயா கேட்டார்: “ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரும்மா. புள்ளயத் தூக்கிக்கிட்டு பஸ்ஸுல வந்தா சளி புடிச்சிக்குது. இன்னும் எதுக்கு வரணும்?” அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. ஒரு நாள் கூலியும் போகிறதே.

அன்று பேரனைப் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்து, பொம்மை எதுவும் காட்டாமல் செல்போனில் சில நிமிடம் வீடியோ எடுத்தேன். மூன்று மாதக் குழந்தை விழித்துக்கொண்டு சும்மா கிடக்கும்போது கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் சின்னச் சின்னதாகச் சுழன்றுகொண்டே இருக்கும். அது இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அவனுக்கு இருந்தது. ஆயாவையும் குனிந்து பார்க்கச் சொன்னேன். “இதயா பாக்குறீங்க?” என்று மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆனால் அசைவு சரியாக இருப்பதோடு கதை முடிவதில்லை. குளிர்விக்கப்பட்டு, பெருமூளை வாதம் இல்லாமல் தப்பித்த குழந்தைகளைப் பள்ளி வயதில் இங்கிலாந்தில் சோதித்தபோது, அறிவுத்திறன் மதிப்பெண் மற்ற பிள்ளைகளைவிடச் சராசரியில் குறைவாக இருந்தது. நம் பக்கத்துச் செய்தி இன்னும் கனமானது. இந்தியா, இலங்கை, வங்கதேச மருத்துவமனைகளில் நடந்த ஹீலிக்ஸ் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில் இந்தச் சிகிச்சையால் இறப்போ ஊனமோ குறையவில்லை, இறப்பு கூடவும் செய்தது. மேலைநாட்டுப் பலன்களை அப்படியே நம் குழந்தைகளுக்கும் நம்பிக்கொண்டு, ஒரு படத்தோடு வீட்டுக்கு அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதனால் ரிப்போர்ட் கொடுக்கும் அன்றே வீட்டுப் பெரியவரையும் உட்காரவைத்துப் பேசுகிறோம். “இது பொறந்த வாரத்துல எடுத்த படம். பேச்சு, கவனம் எல்லாம் இனிமேத்தான் வரும். அதையும் பாத்துடணும்” என்போம். பள்ளியில் சேர்க்கும் வரை எப்போதெல்லாம் வர வேண்டும் என்று தடுப்பூசி அட்டையிலேயே எழுதிவிடுகிறோம். அதை யாரும் தொலைப்பதில்லை. இவ்வளவு தூரம் வர முடியாதவர்களுக்கு, அவர்கள் ஊர்ப் பக்கத்து மருத்துவமனைக்குக் கடிதமும் கொடுத்தனுப்புகிறோம்.